கிழவியைத் தூக்கிலிட்ட ஊர், டாக்டரை நம்பிய நகரம்

விஞ்ஞானப் புனைகதைகளில் பிறர் மனத்தை ஆட்டிவைக்கும் வில்லன் பல நேரம் வசீகரமான மனநல மருத்துவராகவே வருகிறான். மிகை என்று தள்ளத் தோன்றும்; லண்டன் வரலாறோ அந்தக் கற்பனைக்குத்தான் சாட்சி சொல்கிறது. வட லண்டனின் எட்மண்டனில், 1621இல் எலிசபெத் சாயர் என்ற ஏழை மூதாட்டி சூனியம் வைத்து அண்டை வீட்டுப் பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். ஒற்றைக் கண்ணும் கூன் முதுகும் ஊராரின் சந்தேகத்துக்குத் தீனியாயின; அவரை டைபர்ன் தூக்குமேடையில் தூக்கிலிட்டார்கள். பிறரை ஆட்டிவைக்கும் வல்லமையைக் கதியற்றவர்களிடம் தேடுவது மனிதரின் பழைய பழக்கம். அந்த வல்லமை உண்மையில் எங்கே குவிகிறது என்று இருபதாம் நூற்றாண்டில் காட்டியவர் மனநல மருத்துவர் வில்லியம் சார்கண்ட்.

1907இல் ஹைகேட்டில் பிறந்த சார்கண்ட், செயின்ட் தாமஸ் மருத்துவமனை மனநலப் பிரிவின் தலைவர். ஓங்கிய உருவம், தயக்கமே அறியாத பேச்சு, பிபிசியில் பழகிய முகம். ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் சோதனைகளுக்காகப் பழக்கிய நாய்களில் சில, 1924 லெனின்கிராடு வெள்ளத்தில் சாவின் விளிம்பிலிருந்து தப்பியபின் பழக்கியவற்றை மறந்துபோயின. மனித மூளையையும் அப்படி உலுக்கினால் பழைய நம்பிக்கைகள் அழிந்து புதியவை பதியும் என்று 1957இல் வெளியான தம் நூலில் சார்கண்ட் வாதிட்டார். 1960களில், செயின்ட் தாமஸுடன் இணைந்த ராயல் வாட்டர்லூ மருத்துவமனையின் ஐந்தாம் வார்டில், பெரும்பாலும் பெண்களாக இருந்த நோயாளிகளை மருந்து கொடுத்து வாரக்கணக்கில், சிலரை மூன்று மாதம் வரை, தூங்கவைத்தார். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் எழுப்புவார்கள். தூக்கத்திலேயே மின் அதிர்ச்சியும் கொடுத்தார்கள். வாழ்க்கையின் ஒரு பகுதியே நினைவில் இல்லை என்று சிலர் பின்னாளில் சொன்னார்கள்.

அவர் குணப்படுத்தத்தானே முயன்றார், அன்று வேறு நல்ல மருந்துகள் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. அவரிடம் பணியாற்றிப் பின்னர் வெளியுறவு அமைச்சரான டேவிட் ஓவனும் அவரை மதித்தே பேசினார். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். விழித்திருந்தால் நோயாளி ஏற்கமாட்டாத சிகிச்சையையும் தூக்கத்தில் கொடுக்க முடியும் என்பதை ஒரு வசதியாகவே தம் பாடநூலில் எழுதியவர் அவர். மறுப்பதற்கு ஆளே இல்லாமல் செய்துவிட்டு அதைச் சம்மதம் என்று கொள்ள முடியுமா? வேறு மருந்து இல்லாத காலம் என்ற சமாதானம் இங்கே செல்லாது. தாதியரும் இளம் மருத்துவர்களும் கேள்வி கேட்காததற்கு மந்திரம் எதுவும் காரணமில்லை. அவருடைய பதவியும் தன்னம்பிக்கையுமே போதுமாயிருந்தன.

இதே தூக்க சிகிச்சையில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த சிட்னியின் செம்ஸ்ஃபோர்டு மருத்துவமனை பற்றி ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு 1988இல் ராயல் கமிஷன் அமைத்தது. அதே ஆண்டு சார்கண்ட் காலமானார். ஐந்தாம் வார்டு பற்றி பிரிட்டன் எந்தப் பொது விசாரணையும் நடத்தவில்லை.