திண்ணையிலிருந்து தெரியாத தெரு

தஞ்சை ஜில்லாவிலே பிறந்து, பின்னர் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று குடியேறியவர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காவிரியில் புது வெள்ளம் வந்ததையும், தை பிறந்ததும் நெல் வண்டிகள் வரிசையாய் வந்து பத்தாயம் நிறைந்ததையும் மணிக்கணக்காகச் சொல்வார்கள். சொல்வதெல்லாம் உண்மையே. ஆனால் அந்த நெல்லுக்கு நாற்று நட்டவர்கள் யார், அவர்கள் வீட்டு அடுப்பு எத்தனை வேளை புகைந்தது என்று கேட்டால் பேச்சுச் சற்றுத் தடைப்படும். நாம் ஊரை எங்கே உட்கார்ந்து பார்த்தோம் என்னும் கேள்வி அவ்விடத்தில்தான் பிறக்கிறது.

இக்கேள்வியை நமக்கு முன்பே எதிர்கொண்டவர்கள் இருவர். இருவரும் வெளியூரார், மனித ஸமூகங்களின் வாழ்க்கையை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஒருவர் இங்கிலாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற காத்லீன் கஃப் அம்மையார். மற்றவர் பிரெஞ்சுத் தந்தைக்கும் வங்காளத் தாய்க்கும் சந்திரநாகூரில் பிறந்த ஆந்த்ரே பெத்தேய். அம்மையார் 1951-ஆம் ஆண்டிலும் பெத்தேய் 1961-ஆம் ஆண்டிலும் நம் ஜில்லாவுக்கு வந்தார்கள்.

இவர்கள் தொழில் முறை விசித்திரமானது. சர்க்கார் அதிகாரியைப் போல் ஒரு பகல் தங்கிக் கணக்கெடுத்துப் போவதில்லை. மாதக்கணக்கில் ஊரோடு ஊராக வாழ்ந்து, யார் வீட்டில் யார் உண்பார், யார் எந்த வாசல் வழியாக வருவார், அறுவடையில் யாருக்கு எத்தனை மரக்கால் அளக்கப்படுகிறது என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்வார்கள். நம்மைப் போலவே நெல்லை நம்பி வாழும் ஸயாம் தேசத்திலும், பாங்காக் நகருக்கு அருகே அந்நாளில் இருந்த பாங் சான் என்னும் கிராமத்தில், அமெரிக்காவின் கார்னெல் ஸர்வகலாசாலையார் 1948-இல் இத்தகைய ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். அற்பமாகத் தோன்றும் அன்றாடச் செய்திகளிலேதான் ஸமூகத்தின் கட்டுக்கோப்பு வெளிப்படும் என்பது இந்தச் சாஸ்திரத்தாரின் கொள்கை.

பெத்தேய் தாம் தங்கிய காவிரிக் கரை ஊருக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் சூட்டினார். அவ்வூரில் அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி என்று மூன்று பகுதிகள். அக்ரகாரத்திலேயே ஒரு வீட்டில் அவருக்கு இடம் கிடைத்தது. பிராம்மணரல்லாத அந்நியர் ஒருவருக்கு அவ்வூரார் அதுவரை காட்டியிராத சலுகை அது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. மற்ற இரு தெருவாருக்கும் அவர் வடக்கேயிருந்து வந்த இன்னொரு பிராம்மணராகவே தோன்றினார். ஆகவே அவர்களோடு அக்ரகாரத்தாரோடு பழகியதுபோல் அவரால் பழக முடியவில்லை. 1965-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தாம் கண்டது எந்தத் திண்ணையிலிருந்து கண்டது என்று சொல்லும் நேர்மை எளிதன்று.

கஃப் அம்மையார் தாம் முதலில் ஆராய்ந்த ஊருக்குக் ‘கும்பப்பேட்டை’ என்று பெயரிட்டார். அங்கே அவர் கேட்டறிந்த செய்தி ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பிராம்மணர் சேரிக்குள் சென்றால் தீட்டு என்பது நாம் அறிந்ததே. ஆனால் பிராம்மணர் காலடி தங்கள் தெருவில் பட்டால் தங்களுக்குக் கேடு விளையும் என்று சேரியாரும் நம்பினார்கள்! நடுவே ஒரு வாய்க்காலும் சில மா நிலமும். ஆயினும் இரு கரையாரும் ஒருவர் வீட்டை ஒருவர் காணாமலே தலைமுறைகள் கழிந்தன.

அம்மையார் இங்கிருந்த நாட்களிலேயே, 1952-இல், குத்தகைதாரரையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கும் சட்டம் தஞ்சை ஜில்லாவுக்கென்றே பிறந்தது. பண்ணையாளை நினைத்தபோது நீக்குவதற்கு அது தடை விதித்தது. திண்ணையில் இருந்தவர்களுக்கு இது சென்னையிலிருந்து வந்திறங்கிய தொல்லை. களத்து மேட்டில் நின்றவர்களுக்கோ, தாங்கள் நெடுநாள் கேட்டுவந்ததில் ஒரு பங்கு. சட்டம் வந்தும் பூசல் ஓயவில்லை. 1968 டிஸம்பர் 25 இரவு கீழத் தஞ்சையின் வெண்மணியில், கூலித் தகராறு முற்றி, ஒரே குடிசையில் 44 பேர் எரிந்து மாண்டனர். தேசமே திடுக்கிட்டது. ஆனால் மரக்கால் கணக்கைக் கவனித்து வந்தவர்களுக்கு அந்தப் பகை புதிதன்று.

முற்காலத்தில் ஜாதி உயர்வு, நில உடைமை, அதிகாரம் மூன்றும் ஒரே தெருவில் குடியிருந்தன என்பதும், பின்னர் அவை பிரியத் தொடங்கின என்பதும் பெத்தேய் கண்ட முடிவு. அக்ரகாரத்தார் சிலர் நிலத்தை விற்று நகரம் போனார்கள். அதிகாரம் பஞ்சாயத்துக்கும் கட்சிகளுக்கும் நகர்ந்தது. கஃப் அம்மையார் 1976-இல் திரும்பி வந்தபோது பழைய பண்ணையாள் முறை பெரும்பாலும் மறைந்து, தினக்கூலி வந்திருந்தது. கட்டு நீங்கியது, ஆனால் ஆண்டு முழுவதும் வேலை உண்டு என்ற உறுதியும் அதனோடு போயிற்று. பண்ணையாள் முறை ஒழிந்ததென்று மகிழ்வோர் இதையும் மறக்கலாகாது.

அந்நியர் வந்துதானா நம் ஊரை நமக்குச் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமே. அதற்கு விடை, நாமே பார்க்கத் தொடங்குவதுதான். அடுத்த முறை குலதெய்வ வழிபாட்டுக்கோ திருவிழாவுக்கோ ஊர் செல்லும்போது, குழந்தைகளை அழைத்துக்கொண்டு தெருக் கோடியைத் தாண்டி நடப்போம். நம் பாட்டனார் நிலத்தில் நாற்று நட்ட மூதாட்டி இன்னும் இருந்தால், அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர் சொல்லும் கதையைக் கேட்டு எழுதி வைப்போம். இதுவரை நாம் எழுதி வைத்த ஊர்க் கதையில் இல்லாத பக்கங்கள் அவரிடம் இருக்கின்றன.