குளியலறையில் தூசு சேர்வதைக் குறைத்தல்

வீட்டில் மிகுதியாகத் தண்ணீர் புழங்கும் இடங்களுள் ஒன்று குளியலறை. நாள்தோறும் பல வாளித் தண்ணீர் விழுந்து ஓடும் அவ்வறையில் தூசுக்கு இடமிராது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் கதவின் மேல்விளிம்பு, நிலைக்கண்ணாடியின் சட்டம், அலமாரித் தட்டு, காற்று வெளியேற்றும் விசிறியின் இறக்கை ஆகியவற்றை விரலால் தடவிப் பார்த்தால் தடித்த, பிசுபிசுப்பான படலம் ஒன்று ஒட்டிக்கொள்வதைக் காணலாம். இது வெறும் அழகுக் குறைவு அன்று. உலர்ந்த நிலையில் பெருக்கும்போது இத்தூசு பெருக்குபவரின் மூச்சில் கலக்கிறது. நெடுநாள் விட்டுவிட்டாலோ, அமிலம் ஊற்றித் தேய்க்கவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறது. இவ்விரு தீங்குகளையும் சிறு முயற்சியாலேயே தவிர்க்கலாம்.

தூசு தோன்றும் இடங்கள்

குளியலறைத் தூசு இரு வழிகளில் வருகிறது. ஒன்று வெளியிலிருந்து புகுவது. டில்லி போன்ற வடஇந்திய நகரங்களில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வீசும் ‘ஆந்தி’ என்னும் புழுதிக்காற்று நுண்ணிய மண்துகள்களை வாரிக்கொண்டு வருகிறது. ஏனைய அறைகளின் ஜன்னல்களை மூடினாலும், குளியலறையின் காற்றுத் துவாரம் பெரும்பாலும் திறந்தே இருப்பதால் புழுதி அவ்வழியே உட்புகுகிறது.

மற்றொன்று அவ்வறையிலேயே பிறப்பது. மனிதத் தோலின் மேற்படலம் இடைவிடாது உதிர்ந்து புதுப்பிக்கப்பட்டு வருகிறது. துவாலையால் அழுத்தித் துடைக்கையில் தோலின் செதில்களும் துவாலையின் பஞ்சிழைகளும் ஒருங்கே உதிர்கின்றன. ஆடைகளைக் களைந்து உதறும்போதும், தலை வாரும்போதும் இழையும் முடியும் சேர்கின்றன. குளித்தபின் பூசிக்கொள்ளும் பவுடரில் ஒரு பகுதி உடலில் ஒட்டாமல் காற்றில் மிதந்து பின்னர் படிகிறது. ஆகவே, ஜன்னலை அடைத்துவிட்டால் மட்டும் தூசு நின்றுவிடும் என்று கருதுவது பிழையாகும்.

படியும் விதம்

காற்றில் விழும் சிறு துகளின் வேகம் அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து இம்முடிவு கிடைக்கிறது. நீரின் அடர்த்தியை உடைய, 10 மைக்ரான் குறுக்களவுள்ள துகள் அசைவற்ற காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வீதம் இறங்கும். இரண்டரை மீட்டர் உயரமுள்ள அறையில் அது தரையை அடைய 14 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ ஏறத்தாழ 20 மணி நேரம் வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கியவுடன் தரை சுத்தமாகத் தோன்றினும், சில மணி நேரத்தில் மீண்டும் தூசு படிந்திருப்பதன் காரணம் இதுவே. பெருக்கும்போது எழும்பிய நுண்துகள்கள் மெல்ல மெல்லத் திரும்பி இறங்குகின்றன.

வெந்நீரில் குளிக்கும் அறையில் மற்றொரு விளைவும் சேர்ந்துகொள்கிறது. சூடான பரப்பைச் சுற்றியுள்ள காற்றில் தூசற்ற மெல்லிய இடைவெளி ஒன்று ஏற்படுவதை ஜான் டிண்டால் 1870-ல் கண்டார். வெப்பமான காற்றிலுள்ள நுண்துகள்கள் குளிர்ந்த பரப்பை நோக்கி உந்தப்படுகின்றன. குளிர்காலத்தில் வெந்நீரால் அறையின் காற்று சூடேறும்போது, குளிர்ந்த பீங்கான் ஓடுகளையும் கண்ணாடியையும் நோக்கித் துகள்கள் ஈர்க்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அதே பரப்புகளில்தான் நீராவியும் குளிர்ந்து நீர்த்துளிகளாகப் படிகிறது. ஆகவே படிந்த தூசு உடனே நனைந்துவிடுகிறது.

நனைந்த தூசு உலரும்போது பரப்புடன் இறுகிப் பற்றிக்கொள்கிறது. தண்ணீர் கடினநீராக இருப்பின் நிலைமை இன்னும் மோசமாகும். கடினநீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து, நீரில் கரையாத வெண்ணிறப் படிவை உண்டாக்குகின்றன. இப்படிவும், நீர் வற்றியபின் எஞ்சும் உப்பும் பசைபோல் அமைந்து பஞ்சிழைகளையும் மண்துகள்களையும் பிணைக்கின்றன. உலர்ந்த நிலையில் ஓர் ஈரத்துணியால் அகலக்கூடிய தூசு, பலமுறை நனைந்து உலர்ந்தபின் தேய்த்தாலும் போகாத கறையாகிவிடுகிறது.

அமிலத்தின் தீங்கு

இக்கறையைப் போக்கப் பலர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நாடுகின்றனர். அமிலம் உப்புப் படிவைக் கரைப்பது உண்மையே. ஆயினும் அது ஓடுகளின் இடையிலுள்ள சிமெண்டையும் அரிக்கின்றது. உலோகக் குழாய்களையும் கெடுக்கின்றது. அரிக்கப்பட்டுச் சொரசொரப்பான இடுக்குகளில் முன்னைவிட விரைவாக அழுக்குத் தங்குகிறது. அதனைப் போக்க மீண்டும் அமிலம் தேவைப்படுகிறது. அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கலாகாது. அவை சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். சிறிய, மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

குறைக்கும் வழிகள்

முதலாவதாக, தூசின் பிறப்பைக் குறைக்க வேண்டும். ஆடைகளையும் உலர்ந்த துவாலையையும் குளியலறையில் உதறாமல் வெளியே உதறுதல் நலம். புதிய துவாலையை உபயோகத்துக்கு எடுக்குமுன் இரண்டு மூன்று முறை துவைத்தால் தளர்ந்த இழைகள் பெரும்பாலும் நீங்கிவிடும். பவுடரைத் தவிர்ப்பது சிறந்தது. இயலாதெனில், காற்றில் தூவாமல் உள்ளங்கையில் எடுத்துப் பூசிக்கொள்ளலாம். குழந்தைகளின் முகத்தருகே பவுடரைத் தூவுவது அறவே கூடாது. மூச்சுடன் உட்சென்றால் அது நுரையீரலைப் பாதிக்கும்.

இரண்டாவதாக, அறையை விரைவில் உலர்த்த வேண்டும். குளித்து முடிந்ததும் ரப்பர்ப் பட்டை பொருத்திய வைப்பரால் சுவரிலும் தரையிலும் நிற்கும் நீரை வழித்துவிட்டால், காற்று உலர்த்தவேண்டிய நீரின் அளவு வெகுவாகக் குறையும். விசிறியைச் சுமார் 20 நிமிடம் ஓடவிடலாம். விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடான காற்று உள்ளே வந்தாக வேண்டும்; ஆதலால் கதவின் அடியில் சிறிது இடைவெளி இருத்தல் அவசியம். விசிறியை ஒட்டியுள்ள ஜன்னல் திறந்திருந்தால் அங்கு நுழையும் காற்றே உடனே வெளியேறிவிடும். அறையின் மறுபுறம் ஈரமாகவே நிற்கும். அறை உலர்ந்தபின் விசிறியை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் அது வீட்டின் ஏனைய பகுதிகளிலுள்ள தூசையும் குளியலறைக்கு இழுத்துக்கொண்டிருக்கும். புழுதிக்காற்று வீசும் வேளையில் துவாரத்தையும் மூடிவைத்தல் நன்று. துவாரத்தில் பொருத்தும் வலை பருமனான தூசையே தடுக்கும். அதையும் அடிக்கடி கழுவாவிடில் காற்றோட்டம் தடைப்படும்.

மூன்றாவதாக, தூசை எழுப்பாமல் எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை, அறை உலர்ந்திருக்கும் வேளையில், பிழிந்த ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, துணியை அவ்வப்போது அலசிக்கொள்ளலாம். தரையைக் கடைசியில் கழுவ வேண்டும். விசிறியைத் துடைக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்தல் இன்றியமையாதது. தட்டுகளில் வைக்கும் பொருள்கள் குறைந்தால் தூசு தங்கும் பரப்பும் குறையும்.

ஓர் எளிய சோதனை

வகுப்பில் செய்துகாட்டத்தக்க சோதனை ஒன்று உண்டு. மூன்று சிறு கண்ணாடித் தகடுகளில் வாஸ்லைனை மெல்லியதாகத் தடவி, ஒன்றைக் காற்றுத் துவாரத்தருகிலும், ஒன்றைத் துவாலை மாட்டும் இடத்திலும், ஒன்றை அலமாரித் தட்டிலும் வைக்கவும். ஏழு நாட்கள் சென்றபின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், நீண்டு சுருண்ட பஞ்சிழைகளையும், கோணல்மாணலான மண்துகள்களையும் தனித்தனியே இனங்காணலாம். மண்துகள்கள் மிகுந்திருந்தால் துவாரத்தையும், இழைகள் மிகுந்திருந்தால் துவாலை, ஆடைகளையும் முதலில் கவனிக்க வேண்டும். வீடுகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் செல்லும் களப்பணியாளர்கள் இத்தகடுகளையே காட்டி விளக்கினால், அமிலப் புட்டியை வாங்குமுன் ஒரு ஈரத்துணியை எடுப்பதே மேல் என்பதை மக்கள் தாமாகவே உணர்வர்.