தாயகம் காணாத பிள்ளைகள்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர்கள் நாம். எனினும், கோடை விடுமுறை பிறந்தால் பிள்ளைகளோடு ரயிலேறிப் பாட்டி வீட்டுத் திண்ணையில் போய் அமர்கிறோம். அவ்வாறு திரும்பிச் செல்ல வழியற்ற குழந்தைகள் இந்நாட்டிலேயே மூன்று தலைமுறையாக வளர்ந்து வருகின்றனர். அவர்களே திபேத்தியச் சிறார்.

1959-ஆம் ஆண்டில் தலாய் லாமாவைத் தொடர்ந்து பல்லாயிரம் திபேத்தியர் இமயத்தைக் கடந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். பலருக்கு மலைப் பகுதிகளில் சாலை போடும் வேலை கிடைத்தது. கூடாரமே வீடாயிற்று. உடன் வந்த குழந்தைகளோ பழகாத வெப்பத்தாலும் நோயாலும் வாடினர். 1960 மே 17 அன்று, ஜம்முப் பகுதிச் சாலைப்பணி முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் மெலிந்த மேனியராய்த் தர்மசாலாவுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களைப் பேணும் பொறுப்பைத் தலாய் லாமாவின் தமக்கையார் செரிங் டோல்மா ஏற்றார். 1964-இல் அவர் மறைந்தபின், தங்கையார் ஜெட்சுன் பெமா அப்பணியைத் தாங்கி 2006 வரை நடத்தினார். அதுவே இன்றைய திபேத்தியக் குழந்தைகள் கிராமம்.

முதலில் வேண்டியிருந்தவை உணவும் மருந்துமே. அவற்றோடு நின்றிருந்தால் அது மற்றுமொரு விடுதியாகவே முடிந்திருக்கும். அவர்களோ விடுதியை வீடுகளாகப் பிரித்தனர். வீட்டுக்கொரு வளர்ப்புத் தாய். பல வயதுப் பிள்ளைகள் உடன்பிறந்தாரைப் போல் ஒன்றாய் வாழ்வர். மூத்தவர் இளையவரைக் கவனிப்பர். வீட்டு வேலைகளை யாவரும் பகிர்ந்து கொள்வர். தொடக்க வகுப்புகளில் தாய்மொழியிலேயே பாடம்.

இதனால் துயரம் அற்றுப்போயிற்று என்பதற்கில்லை. பின்னாளில், கல்வியின் பொருட்டுப் பெற்றோரே மலை கடந்து அனுப்பிவைத்த பிள்ளைகளும் உண்டு. பல்லாண்டு தாய்முகம் காணாமலே அவர்கள் வளர்ந்தனர். அத்துயரை எந்தப் பள்ளியால் ஆற்ற இயலும்? ஆயினும் அங்கு வளர்ந்தோர் பலர் ஆசிரியராகவும் செவிலியராகவும் தம் மக்களிடையே பணிபுரிகின்றனர். தன்னை நம்பி ஒரு தம்பியோ தங்கையோ இருக்கக் கண்ட குழந்தை, தன்னை வெறும் அகதியாக மட்டும் எண்ணுவதில்லை.

நம் துன்பம் அவர்கள் துன்பத்துக்கு ஈடாகாது. எனினும் அவர்களிடம் நாம் கற்கத்தக்கது உண்டு. இடமாற்றத்தால் பள்ளியும் தோழரும் மாறி, புதுமொழி புரியாது விழிக்கும் பிள்ளை நம் இல்லங்களிலும் இருக்கலாம். அப்பிள்ளைக்கு மாலையில் அமர்ந்து கேட்கும் ஒரு செவி வேண்டும். தாய்மொழிப் பேச்சு வேண்டும். 'இது உன் பொறுப்பு' என்று ஒப்படைக்கும் சிறு வேலையும் வேண்டும். ஊர் மாறலாம்; இம்மூன்றும் மாறாதிருக்கட்டும்.