தணலுக்கு மேல் ஒரு நீலச் சுடர்

கரியடுப்பு நன்றாகக் கனன்றுகொண்டிருக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். சிவந்த தணலுக்கு மேலே விரற்கடை உயரத்தில் நீலச் சுடர்கள் தோன்றியும் மறைந்தும் ஓடும். கரிதான் எரிகிறது என்று நினைப்போம். அங்கே எரிவது கார்பன் மோனாக்சைடு. அடுப்புக்குள்ளேயே பிறந்து, அடுப்பின் வாயிலேயே எரிந்து தீரும் வாயு அது. நிறமும் மணமும் இல்லாதது. எரியாமல் அறைக்குள் கலந்துவிட்டால் ஆளைக் கொல்லக்கூடியது.

அது பிறக்கும் விதம் வியப்பானது. அடுப்பின் கீழ்வாய் வழியே நுழையும் காற்று, அடித்தட்டுக் கரியைத் தொட்டதும் அதிலுள்ள ஆக்சிஜன் கரியோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. பெரும் சூடு பிறப்பது இங்கேதான். அந்த வாயு மேலே ஏறும் வழியெல்லாம் இன்னும் செந்தணல். அந்தத் தணல் கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்துக்கொள்கிறது. மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடு. தணலைத் தாண்டி வெளிக்காற்றைச் சந்திக்கும்போது, அங்கே சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் பற்றிக்கொள்ளும்; நீலச் சுடர் தெரியும். சூடு போதாவிட்டால் பற்றாது. சத்தமில்லாமல் அறைக்குள் பரவும்.

கடலூர் மாவட்டத்தில் இதைப் பேசக் கூடுதல் காரணம் உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருள்தான் நெய்வேலியின் தொடக்கம். 1956-ல் அதை வெட்டி எடுக்கும் நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் சுரங்கத்தில் அந்தப் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. வெட்டி எடுத்த நிலையில் அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். காய்ந்தால் உதிரும், குவித்து வைத்தால் தானே சூடேறும், எரித்தால் புகையும். வீட்டு அடுப்புக்கு ஆகாத சரக்கு. அதனால் நெய்வேலியில் அதைப் பொடித்து, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, காற்றுப் படாமல் சுட்டு, புகை தரும் வாயுக்களையும் தாரையும் வெளியேற்றி ‘லெக்கோ’ என்ற பெயரில் விற்றார்கள். கேஸ் அடுப்பு பரவாத காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளிலும் டீக்கடைகளிலும் எரிந்தது இந்த லெக்கோ கரி. விறகுக்காக மரம் வெட்டுவதைக் குறைத்த நல்ல எரிபொருள். அந்த ஆலை மூடப்பட்டு வருடங்கள் ஆகிவிட்டன.

லெக்கோவும் சரி, மரக்கரியும் சரி, இரண்டின் பெருமையும் புகையில்லாமை. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்துபோய்க் கதவைத் திறப்போம். கரியில் புகையை நீக்கியபோது அந்த எச்சரிக்கையும் சேர்ந்து போனது. விஷம் மட்டும் தங்கிவிட்டது.

குமுட்டி அடுப்பைக் கையாளத் தெரிந்தவர்கள் கீழ்வாயைக் கொண்டே நெருப்பை ஆள்வார்கள். கதவு திறந்தால் தீ எழும். பாதி மூடினால் அடங்கும். முற்றத்தில் வைத்து, சிரட்டைத் துண்டு போட்டுப் பற்றவைத்து, விசிறி, கரியின் மேல் சாம்பல் பூத்த பிறகுதான் உள்ளே தூக்கி வருவார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் சரியான அறிவியல் இருக்கிறது. பற்றும் பருவத்தில் கரி குளிர்ந்திருக்கும். வாயு எரியாமல் வெளியேறுவது அப்போது அதிகம். நடுவில் புதுக்கரி போடும்போதும் இதே கதைதான். தணல் முழுவதையும் மூடிப் போடக் கூடாது. ஒரு பக்கம் தணல் வெளியே தெரியட்டும். எழும் வாயு அங்கே பற்றிக்கொள்ளும். சல்லடையில் அடைந்த சாம்பலை அவ்வப்போது தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று நுழைய வழியில்லை. அணைக்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிநீராவியும் சூட்டுச் சாம்பலும் முகத்தில் அடிக்கும். செந்தணலில் படும் நீராவியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். வெளியே கொண்டுபோய் மணலால் மூடுவதே நல்லது.

எவ்வளவு பக்குவமாக எரித்தாலும் வாயு கொஞ்சமாவது வரத்தான் செய்யும். சிதம்பரம் கொத்சுக்குக் கத்தரிக்காயைத் தணலில் சுடுபவர்கள் திறந்த முற்றத்தில் சுட்டால் கவலையில்லை. தெருவில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுபவருக்கும் காற்றோட்டம் இருக்கிறது. எனக்குப் பயம் மூடிய அறைகளைப் பற்றித்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜன்னலைச் சாத்திவிட்டு வைக்கும் கரிச்சட்டி; பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் கதகதப்பாக இருக்கட்டும் என்று அறைக்குள் விடும் சாம்பிராணித் தணல். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது பல நாள் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்குள் ஓடும் ஜெனரேட்டரும் இதே வாயுவைத்தான் கக்கும். கொரியாவில் வீட்டைச் சூடாக்க எரித்த நிலக்கரிக் கட்டிகள், தூக்கத்திலேயே ஏராளமான குடும்பங்களைக் கொண்டுபோயின.

நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போகிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு. பித்தம் என்று படுத்துவிடுவோம். படுத்தால் எழ முடியாது. வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் ரத்தத்தில் ஏறிய வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வைத்துத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும்.

ஆகவே கரியடுப்பு எரியும் இடத்தில் எதிரெதிராக இரண்டு திறப்பு இருக்கட்டும். தணல் இருக்கும் அறையில் யாரும் தூங்க வேண்டாம், தணல் அவிந்தது போலத் தெரிந்தாலும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் எல்லோரையும் வெளியே அழைத்து வந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கரி எரிந்த அறையில் இருந்தோம் என்பதை டாக்டரிடம் முதல் பேச்சாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.