செப்புக் காசின் கண்ணீர்

காணிக்கைப் பெட்டியில் ஏழைக் கைம்பெண் இட்ட இரு சிறு காசுகளை நம் ஆண்டவர் செல்வரின் பெருங்கொடைக்கும் மேலாக மதித்தார். சிறு காசு என்பது ஏழையின் வியர்வை. அதன் மதிப்போடு விளையாடுவது எத்துணைக் கொடுமை என்பதைச் சுவிட்சர்லாந்தின் வரலாறு உணர்த்துகிறது.

அந்நாட்டில் முற்காலத்தில் பொது நாணயம் இருந்ததில்லை. பெர்ன், லூசர்ன், சோலோதுர்ன் முதலிய மாநிலங்களும், சியோன், கூர் ஆகிய ஊர்களின் ஆயர்களும் தத்தம் நாணயங்களை வெளியிட்டனர். லூசர்ன் நாணயங்களில் புனித லெயோதெகாரும், சியோன் நாணயங்களில் புனித தெயோதுலும் காட்சியளித்தனர். பெருவணிகருக்குப் பொன்னும் வெள்ளியும் இருந்தன. ஏழைக்கு வாய்த்ததோ, வெள்ளி குறைந்து செம்பு மிகுந்த 'பாட்சன்' போன்ற சில்லறையே.

முப்பதாண்டுப் போர்க் காலத்தில் (1618-1648) விளைபொருளுக்கு நல்ல விலை கிடைத்ததால் சுவிஸ் உழவர் செழித்தனர். போர் ஓய்ந்ததும் விலை வீழ்ந்தது. பட்ட கடன் மட்டும் நின்றது. அந்நிலையில் 1652 டிசம்பரில், பெர்ன் அரசு தன் பாட்சன் காசின் மதிப்பைச் சரிபாதியாகக் குறைத்தது. பழைய மதிப்பில் மாற்றிக்கொள்ளத் தந்த தவணை மூன்றே நாள்! தொலைவில் வாழும் மலைக்கிராமத்தாருக்கு அது எவ்வாறு போதும்? அவர்களது சேமிப்பு பாதியாகக் கரைந்தது. பிற மாநிலங்களும் அவ்வழியே சென்றன. செம்பை மிகுதியாகக் கலந்தவர் ஆட்சியாளர். இழப்பைச் சுமந்தவரோ எளியோர்.

லூசர்னுக்கு உட்பட்ட என்ட்லெபுக் பள்ளத்தாக்கின் கத்தோலிக்க உழவர் நகரமன்றத்திடம் முறையிட்டனர். செவிசாய்ப்பார் இல்லை. 1653 பிப்ரவரி 10 அன்று திருச்சிலுவைத் திருத்தலத்தில் திருப்பலிக்குப் பின் கூடி, குறை தீரும்வரை வரி செலுத்துவதில்லை என்று முடிவு செய்தனர். பெர்ன் பகுதியில் வாழ்ந்த சீர்திருத்தச் சபை உழவரும் அவர்களோடு கைகோத்தனர். சமயத்தால் பிரிந்திருந்தோரைத் துன்பம் ஒன்றுசேர்த்தது.

ஆயினும் படைபலமே வென்றது. தலைவர்களான ஹான்ஸ் எம்மெனெக்கர், கிறிஸ்டியன் ஷிபி, நிக்லாஸ் லொயன்பெர்கர் ஆகியோர் அவ்வாண்டே கொல்லப்பட்டனர். எனினும் அவர்தம் குரல் முற்றிலும் வீணாகவில்லை. பின்னர் ஆட்சியாளர் வரிச்சுமையைச் சிறிது தளர்த்தினர். 1850ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதற்கும் ஒரே நாணயம் வந்தது. ஒரு பிராங்குக்கு நூறு ராப்பன் என வகுக்கப்பட்டதால், பழைய சில்லறைக் காசு ஒன்றின் பெயர் இன்றும் வாழ்கிறது.

அன்புக் குடும்பத்தாரே! நாம் நாணயம் அச்சிடுவதில்லை. ஆனால் வேலைக்கு வருவோரின் கூலியைக் குறைப்பதும், நாள் கடத்துவதும், எடையில் சற்றே பிடிப்பதும் அதே பாவத்தின் சிறு வடிவங்கள் அல்லவா? "சில்லறைதானே" என்று நாம் தள்ளுவது, மற்றொருவர் வீட்டில் அன்றைய உணவாக இருக்கக்கூடும். காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்து நோக்கிய ஆண்டவர், நம் கணக்கேட்டையும் நோக்குகிறார்.