நல்லதங்காள் கதையில் நீங்கள் யார்?



நல்லதங்காள் கதையைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. பாட்டி சொல்லியிருப்பார். அல்லது யாராவது பெரிய எழுத்துப் புத்தகத்தை ராகம் போட்டு வாசிக்க, லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். 1955-இல் படமாகவும் வந்தது. கேட்டோம், அழுதோம், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறாக்கப் போனோம். அத்தோடு விட்டுவிட்டோம்.

சுகாதாரப் பகுதியில் கதை எதற்கு என்று கேட்பீர்கள். மனவேதனையும் சுகக்கேடுதான். காய்ச்சல் என்றால் டிரஸ்ஸரிடம் ஓடுகிறோம். மனசு சரியில்லை என்றால் சொல்ல வாய் வருவதில்லை. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம். ஆனால், "நல்லதங்காளுக்கு அந்நேரம் எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பேசாதவளும் பேசுவாள். நல்லதங்காள் பேரைச் சொல்லித் தன் மனசைக் கொட்டிவிடுவாள்.

கதையைச் சற்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். ஊரில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம். ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு, அருச்சுனாபுரத்துக்கு நடக்கிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். அவமானம் தாங்காமல் பிள்ளைகளோடு பாழுங்கிணற்றை நாடுகிறாள். அண்ணன் வந்து சேரும்போது காலம் கடந்துவிட்டது. விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது.

கும்பிடுவது வேறு, அவள் செய்ததைச் சரி என்பது வேறு. மானம் போனால் சாவுதான் வழி என்று அந்தக் கதை நமக்குள் ஏற்றிவிட்டது. அதை நான் ஒப்ப மாட்டேன். அண்ணன் வந்துகொண்டுதான் இருந்தான்! அன்று சாயந்திரம் வரை அவளை யாராவது பிடித்து உட்கார வைத்திருந்தால் போதும், கதையே வேறு.

அடுத்ததாக உங்களையே கேளுங்கள்: இந்தக் கதையில் நான் யார்? கடன்காரனும் குடிகாரப் புருஷனும் நெருக்க, கதவைத் தட்டி நிற்பவளா? சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போய், வீட்டில் இல்லாத ஆம்பளையா? நமக்கேன் வம்பு என்று சாத்திக்கொண்டவளா? நானே ஒருமுறை யோசித்தபோது, மூளி அலங்காரிதான் எனக்குக் கிட்டத்தில் தெரிந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது.

பூச்சோங்கில் இன்று தோட்டங்கள் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. காசல்பீல்டு என்ற தோட்டத்துப் பெயரைத் தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. லயத்தில் ஒரு வீட்டு அழுகை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். அதனால் இங்கே நாமாகப் போய்த் தட்ட வேண்டியிருக்கிறது.

"செத்துப் போயிடலாமான்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். விஷமருந்துகளை எட்டாமல் வையுங்கள். பாராக்குவாட் 2020 முதல் நம் நாட்டில் தடையானது. பழைய போத்தல் எங்காவது கிடக்கிறதா என்று பாருங்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

பேச ஆள் வேண்டுமென்றால் பிஃபிரண்டர்ஸ், 03-76272929, இரவும் பகலும். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999.