கம்பு காப்பாற்றும் கணக்கு

இந்தியா முன்மொழிந்ததால்தான் ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறுதானியத்துக்கு 'ஸ்ரீ அன்னா' என்ற பட்டம் கிடைத்தது. ஜி-20 விருந்து இலையிலும் இடம் கிடைத்தது. சமையல் போட்டிகளுக்கும் மாரத்தான் ஓட்டங்களுக்கும் குறைவில்லை. இத்தனைக்கும் பிறகு களத்துமேட்டுக்கு எவ்வளவு வந்தது என்று பார்த்தால், 2020-21இல் ஏறக்குறைய 180 லட்சம் டன்னாக இருந்த விளைச்சல் 2023-24இல் 175 லட்சம் டன்னை ஒட்டியே நின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 2003-04இல், எந்தத் திருவிழாவும் இல்லாமல் 213 லட்சம் டன் விளைந்திருந்தது.

'பெரிய சரிவு இல்லையே, ஏறி இறங்கி அங்கேயேதானே நிற்கிறது' என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அந்த நிம்மதிதான் கவலைக்குரியது.

அரசுக் கணக்கு சிறுதானியம் என்ற தலைப்பில் சோளம், கம்பு, கேழ்வரகு, 'பிற சிறுதானியங்கள்' என்ற நான்கையும் கூட்டிச் சொல்கிறது. 1960-களின் நடுவில் இந்த நான்கும் சேர்ந்து சுமார் 370 லட்சம் ஹெக்டேரில் விதைக்கப்பட்டன. இன்று 130 லட்சம் சொச்சம். மூன்றில் இரண்டு பங்கு நிலம் சிறுதானியத்தின் கையைவிட்டுப் போய்விட்டது. 180 லட்சம் ஹெக்டேரில் நின்ற சோளம் 40 லட்சத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் மொத்த டன் கணக்கு அதே வேகத்தில் விழவில்லை. காரணம், கம்பு. வீரிய ஒட்டு விதைகளால் ஹெக்டேருக்கு 300, 400 கிலோவாக இருந்த கம்பு விளைச்சல் 1,200 கிலோவைத் தாண்டியது. இன்று மொத்தச் சிறுதானியத்தில் பாதிக்கு மேல் கம்புதான். அந்தக் கம்பிலும் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் ராஜஸ்தானிலிருந்து வருகிறது. பெரும்பாலும் மணல் நிலம், மானாவாரி.

இப்படி ஒரே பயிரையும் ஒரே மாநிலத்தையும் நம்பியிருப்பதன் விலையை ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2001-02இல் 83 லட்சம் டன் கம்பு. 2002இல் பருவமழை பொய்த்தது. 47 லட்சம் டன். அடுத்த ஆண்டு நல்ல மழை; 121 லட்சம் டன். மேலே சொன்ன 213 லட்சம் டன் சாதனையின் ரகசியமும் இதுதான். தேசத்தின் சிறுதானிய விளைச்சல் என்று நாம் படிக்கும் எண்ணில் கணிசமான பகுதி ராஜஸ்தானின் மழைக் கணக்கு.

மழை மட்டுமல்ல, நோயும் இருக்கிறது. 1965இல் லூதியானாவில் வெளியான எச்.பி.-1தான் நாட்டின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு. அமெரிக்காவின் டிஃப்டன் ஊரிலிருந்து வந்த ஒரே ஆண்மலட்டு வரிசையை, அதாவது மகரந்தம் தராத செடி வரிசையை, தாயாகக் கொண்டது. விளைச்சல் 1970-71இல் 80 லட்சம் டன்னைத் தொட்டது. அதே தாயின் பிள்ளைகள் வயலெல்லாம் நிறைந்ததும் அடிச்சாம்பல் நோய் புகுந்தது. இலை வெளிறும்; கதிர் வரவேண்டிய இடத்தில் மணி பிடிக்காமல் பச்சை இலைக் கொத்தாகச் சுருண்டு நிற்கும். எழுபதுகளின் முற்பகுதியில் விளைச்சல் அடிவாங்கியது. பிறகு நோய் தாங்கும் ரகங்கள் வந்தன. வரவர நோயும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ரகத்தைத் தொடர்ந்து மாற்றவேண்டிய ஓட்டம் இன்னும் முடியவில்லை.

இனி நான்காவது வரி. தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எல்லாம் அடங்கிய அந்தப் 'பிற' என்ற வரி. ஐம்பதுகளில் 46 லட்சம் ஹெக்டேர். இன்று 5 லட்சத்துக்கும் கீழே. 20 லட்சம் டன் அளவில் இருந்த விளைச்சல் மூன்றரை லட்சம் டன் ஆகிவிட்டது. மொத்தத்தில் இரண்டு சதவீதம். இது நாளைக்கே பூஜ்யமானாலும் கூட்டுத்தொகையில் ஒரு சாதாரண ஆண்டின் ஏற்ற இறக்கம்போலத்தான் தெரியும்.

ஏன் போயிற்று? கொல்லிமலையைப் பாருங்கள். சாமை, தினை விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. சேலம், நாமக்கல் வட்டார ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்கின்றன. சாமை அறுத்தவருக்கு வேலை அறுவடையோடு முடிவதில்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி, உமி ஒட்டிக்கொண்டிருக்கும், களத்துக் கல்லும் அதே பருமனில் கலந்திருக்கும், சல்லடையில் பிரியாது. புடைத்து, உரலில் குத்தி, மீண்டும் புடைத்து, மறுபடி குத்தவேண்டும். இதைச் செய்தது வீட்டுப் பெண்கள். மில்லில் கொடுத்தாலும் நூறு கிலோவுக்கு அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி கிடைத்தால் பெரிது. இந்தப் பாட்டைப் பட்டவர்களிடம் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம் என்றால், அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். இதை 'பாரம்பரியத்தை மறந்தார்கள்' என்று மேடையில் பேசுவது எனக்கு எரிச்சலூட்டும்.

சமவெளியில் போட்டி மக்காச்சோளம். பெரம்பலூரில் வரகும் சோளமும் விட்டுப்போன கரிசலை அதுதான் பிடித்திருக்கிறது. கோழித்தீவனம் என்ற நிலையான வாடிக்கையோடு இப்போது எத்தனால் ஆலையும் சேர்ந்துவிட்டது. பாலிஷ் போட்ட தினை அரிசி பாக்கெட் சூப்பர் மார்க்கெட்டில் என்ன விலைக்கு விற்றாலும், அந்த விலை களம் வரை இறங்குவதில்லை. அதே விலை, முன்பு அதைச் சாப்பிட்ட ஏழையைக் கடையிலிருந்து விலக்கியும் வைக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் தலைக்கு ஆண்டுக்கு 33 கிலோ அளவில் சிறுதானியம் சாப்பிட்ட நாடு, 2010 வாக்கில் நான்கு கிலோவுக்கு இறங்கியது. விளையும் கம்பிலும் ஒரு பங்கு மாட்டுக்கும் கோழிக்கும் சாராய ஆலைக்கும் போகிறது. ஆகவே விளைச்சல் எண்ணை அப்படியே உணவு எண்ணாக வாசிக்கக்கூடாது.

விதிவிலக்குகள் உண்டு. கர்நாடகத்தில் அரசு கேழ்வரகை வாங்கி ரேஷனில் போடுகிறது. ஒடிசா 2017 முதல் மலை மாவட்டங்களில் ஏறக்குறைய அதைச் செய்கிறது. தமிழகத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் ரேஷன் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. மூன்றிலும் பயிர் கேழ்வரகுதான். அதற்கு உமி நீக்கும் பாடு கிடையாது. 2024-25இல் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய் குறைந்தபட்ச ஆதரவு விலையும் இருந்தது. மத்திய அரசின் அந்தப் பட்டியலில் கம்பு உண்டு, சோளம் உண்டு. தினைக்கும் சாமைக்கும் வரகுக்கும் குதிரைவாலிக்கும் வரியே இல்லை.

ராஜஸ்தானில் இன்னொரு 2002 வரும்போது தலைப்புச் செய்தி வரும், மழையின் மேல் பழியும் விழும். நான்காவது வரியிலிருந்து நாற்பது லட்சம் ஹெக்டேர் போனதற்கு மழையைச் சாட்டமுடியாது. நல்ல மழை பெய்த ஆண்டுகளிலும் அது போய்க்கொண்டேதான் இருந்தது.